நைல் நதியில் கப்பல் ஏறுமுன்

சென்ற மார்கழியில் ஒரு நாள், தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் வீட்டிற்கு வந்து, இரண்டு வண்ணப் பிரசுரங்களை மேசை மீது வைத்தார். ஒன்று மத்தியதரைக் கடலில் பத்து நாளில் ஏழு துறைமுகங்களைக் காட்டும் பெருங்கப்பலைப் பற்றியது. மற்றொன்று, எகிப்து நாட்டில் நைல் நதியின் மீது நான்கு இரவுகள் தங்கிச் செல்லும் சிறு கப்பலைப் பற்றியது. "தம்பி, அயல்நாடு என்று ஒரே ஒரு முறைதான் போகப்போகிறேன். வீட்டில் அவளும் உடன் வருகிறாள். கடை கண்ணிகளைப் பார்க்க எங்களுக்கு ஆசையில்லை. ஒரு பழைய நாட்டைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று மனம் நிறைய வேண்டும். எதில் ஏறட்டும், சொல்லுங்கள்" என்றார்.

செலவைக் கேட்டிருந்தால் ஒரு கூட்டல் கணக்கில் விடை கூறியிருப்போம். அவர் கேட்டது சரித்திரத்தைச் சேர்ந்த கேள்வி. நீர்வழியே சுற்றிப் பார்க்கும் பிரயாணம் எவ்வாறு தோன்றியது, யார் பொருட்டுத் தோன்றியது என்பதை அறிந்தாலொழிய அதற்கு விடை கூற இயலாது. அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் இன்று இத்தகைய பிரயாணங்களை மேற்கொள்ளுகின்றனர். ஆகவே, அப்பெரியவருக்குக் கூறியதை இங்கே சற்று விரித்துக் கூறுகிறோம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர் சொல்லிலிருந்து தொடங்குவது வழக்கம். 'குரூஸ்' என்னும் ஆங்கிலச் சொல், குறுக்கும் நெடுக்குமாகச் செல்லுதல் என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. பகைவரைத் தேடிக் கடலில் அலையும் போர்க்கப்பலுக்கே முதலில் அது வழங்கியது. போய்ச் சேரவேண்டிய ஊர் இல்லாத ஓட்டம் அது. இதனை 'உல்லாசக் கப்பற்பயணம்' என்று தமிழில் எழுதுகிறோம். உல்லாசம் இருக்கட்டும், ஊர் இல்லை என்பதை அச்சொல் காட்டுவதில்லை.

கடலில் இத்தகைய பிரயாணம் தோன்றிய கதை சுவையானது. 1891ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஜெர்மனி நாட்டிலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' என்னும் நீராவிக் கப்பல் 241 பிரயாணிகளுடன் மத்தியதரைக் கடலைச் சுற்றி வரப் புறப்பட்டது. அதை அனுப்பியவர் ஆல்பர்ட் பாலின் என்னும் கப்பல் வணிகர். குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடல் கொந்தளிக்கும். அமெரிக்கா செல்வோர் குறைவர். விலையுயர்ந்த கப்பல்கள் துறைமுகத்தில் வாளா நிற்கும். நிற்கும் கப்பலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அது பலித்தது. 1900ஆம் ஆண்டில் சுற்றுலாவுக்கென்றே தனியாகக் கட்டப்பட்ட கப்பலும் அதே நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. ஆக, கடற்சுற்றுலா ஒரு கப்பலின் தேவையிலிருந்து பிறந்தது. எந்த ஒரு நாட்டின் இயல்பிலிருந்தும் பிறந்ததன்று. இன்றும் அதன் பிறவிக்குணம் மாறவில்லை. அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் காலையில் நங்கூரமிடும் கப்பலிலிருந்து இறங்குவோர், சுமார் 220 கிலோமீட்டர் பஸ்ஸில் சென்று பிரமிடுகளைக் கண்டு, இரவுக்குள் கப்பலுக்குத் திரும்புகின்றனர். எகிப்தைப் பார்த்ததாகவே அவர்கள் கருதுவர். பார்த்ததில் பாதி நெடுஞ்சாலை.

கடலை முற்றிலும் பழித்துவிட வேண்டாம். நார்வே நாட்டின் மேலைக் கரையில் மலையும் பனியும் சாலையை மறித்தமையால், கடலே அந்நாட்டாருக்குத் தெருவாயிற்று. 1893ஆம் ஆண்டு முதல் அங்கே அஞ்சலும் சரக்கும் மக்களும் ஏறிச்சென்ற கரையோரக் கப்பலில் இன்று பிரயாணியும் ஏறிச் செல்கிறான். கிரேக்கத் தீவுகளுக்கும் இது பொருந்தும். நதியா கடலா என்பதை விட, எந்த நீர் அந்நாட்டு மக்களுக்கு வழியாக இருந்தது என்று கேட்பதே முறை. அவ்வாறு கேட்டால் எகிப்தின் விடையில் ஐயமேதும் இல்லை.

எகிப்தின் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். மேல் எகிப்து தெற்கே இருக்கும். கீழ் எகிப்து வடக்கே இருக்கும். படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று பலர் மயங்குவர். தமிழர் மயங்க வேண்டியதில்லை. மேற்கு என்பது மேல் என்பதிலிருந்தும், கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்தும் வந்தவை என மொழியறிஞர் கூறுவர். மலை மேலாகவும் கடல் கீழாகவும் சரிந்த நம் நிலமே நமக்குத் திசைப்பெயர் தந்தது. எகிப்தியருக்கு அந்தச் சரிவு தெற்கிலிருந்து வடக்கே. நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ, பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசுகிறது. பாயை விரித்தால் படகு தெற்கே ஏறும். பாயை இறக்கிவிட்டால் நீரோட்டமே வடக்கே கொண்டு சேர்க்கும். இயற்கை தானே அமைத்துக்கொடுத்த இருவழிப்பாதை இது. அவர்களுடைய சித்திர எழுத்தில், தெற்கே செல்லுதலைக் குறிக்கப் பாய் விரித்த படகும், வடக்கே செல்லுதலைக் குறிக்கப் பாய் இறக்கிய படகும் வரையப்பட்டன.

கல், தானியம், படை, வரி அனைத்தும் நைல் வழியாகவே சென்றன. தெய்வங்களும் அவ்வழியே சென்றன. ஆண்டுதோறும் கர்நாக் கோயிலிலிருந்து அமோன் தெய்வத்தின் உருவம் படகில் எழுந்தருளி லக்சர் கோயிலுக்குச் செல்லும் ஓப்பெத் திருவிழா நடந்தது. தென்தேராவிலிருந்து ஹாத்தோர் தேவி நதி வழியாக எத்பூவுக்குச் சென்று தன் நாயகனாகிய ஹோரஸைச் சந்திக்கும் விழாவும் உண்டு. தெப்பத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை. இதைக் காட்டிலும் வியப்பானது ஒன்றுண்டு. லக்சர் கோயிலுக்குள்ளேயே அபுல் ஹஜ்ஜாஜ் என்னும் முஸ்லிம் பெரியாரின் பள்ளிவாசல் அமைந்திருக்கிறது. அவருடைய ஆண்டு விழாவில் இன்றும் படகுகளைத் தெருவில் ஊர்வலமாக இழுத்து வருகின்றனர். மதமும் மொழியும் மாறின, படகு மாறவில்லை.

இத்தகைய நதியில் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் மிகப் பழங்காலத்தவரே. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், யானைத்தீவு எனப்படும் எலிபெண்டைன் வரை தாம் சென்றதாக எழுதினார். ரோமானியரான ஜெர்மானிக்கஸ் கி.பி. 19இல் நதி வழியே பழம்பெருமைகளைக் காணச் சென்றார். கி.பி. 130இல் பேரரசன் ஹாட்ரியன் பரிவாரத்துடன் சென்றான். அப்பயணத்தில்தான் அவனுடைய அன்பன் ஆண்டினவுஸ் நைலில் மூழ்கி இறந்தான். மெம்னோன் சிலைகள் எனப்படும் இரு பேருருவங்களுள் ஒன்றின் கால்களில் நூற்றுக்கு மேற்பட்ட கிரேக்க, இலத்தீன் வாசகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கோயிற் சுவரில் பெயர் கிறுக்குவோரை நாம் கண்டிப்பது நியாயமே; ஆயினும் 1,900 ஆண்டுகள் கழிந்துவிட்டால் அக்கிறுக்கலும் சாசனமாகிவிடுகிறது.

பிற்காலத்தில் மேனாட்டாரின் கவனம் நைல் பக்கம் திரும்பியதற்கு நெப்போலியனின் 1798ஆம் ஆண்டுப் படையெடுப்பு காரணம். அடுத்த ஆண்டில் நைலின் முகத்துவாரத்திற்கு அருகே ரொசெட்டாவில் ஒரு கல் கிடைத்தது. கி.மு. 196ஆம் ஆண்டின் ஆணை ஒன்று எகிப்திய மொழியில் இருவகை எழுத்திலும், கிரேக்கத்திலும் அதில் வெட்டப்பட்டிருந்தது. சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822இல் அதைக் கொண்டு சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார். அந்தக் கல்லைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாவதை மறைப்பானேன்? அது காவியமன்று, வேதமன்று. வரிச்சலுகையையும் கோயில் மரியாதைகளையும் பற்றிய ஓர் அரசாங்க அறிவிப்பு, அதன் மொழிபெயர்ப்பு. யாரும் படிக்கமாட்டார்கள் என்று எண்ணியே சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துத் தள்ளுகிறவர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

அதன் பின்னர்ச் செல்வர்கள் 'தஹபியா' என்னும் பாய்மர வீட்டுப்படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு நைலில் ஏறலாயினர். கெய்ரோவிலிருந்து வாடி ஹல்பா வரை சென்று திரும்ப மூன்று திங்கள் ஆகும். ஏறுமுன் படகை ஒருமுறை நீரில் மூழ்கடித்து எடுக்க வேண்டும் என்று அக்கால வழிகாட்டி நூல் அறிவுரை கூறிற்று. எலியும் பூச்சியும் ஒழியவேண்டுமல்லவா? 1849-50ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் பிரெஞ்சு நாவலாசிரியர் பிளோபேரும் இந்நதியில் தனித்தனியே சென்றனர்.

இந்தச் செல்வர் நதியை நடுத்தர மக்களுக்குத் திறந்துவிட்டவர் தாமஸ் குக். மதுவிலக்குப் பிரசாரகராகிய அவர், 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். 1869இல், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட அதே ஆண்டில், இரண்டு நீராவிப் படகுகளை வாடகைக்குப் பிடித்துத் தம் முதற்கூட்டத்தை நைலில் ஏற்றினார். மூன்று திங்கள் மூன்று வாரமாகச் சுருங்கிற்று. பின்னர் அவர் மகன் ஜான் மேசன் குக், கார்ட்டூமில் முற்றுகையிடப்பட்ட ஜெனரல் கார்டனை மீட்க 1884இல் சென்ற பிரிட்டிஷ் படையை நதி வழியே ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்தை ஏற்றார். அதன் பின்பு அந்நிறுவனம் தன் சொந்தக் கப்பல்களையே கட்டிக்கொண்டது. பிரயாணியும் படைவீரனும் ஒரே நிறுவனத்தின் சீட்டில் பயணம் செய்த காலம் அது. 1882இலிருந்தே எகிப்து ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது என்பதை மறவாமல் அக்காலத்துப் பயண நூல்களைப் படிக்க வேண்டும். அந்த நிறுவனமும் 2019இல் மூழ்கிவிட்டது.

ஆயினும் அப்பயணிகளில் ஒருவரை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அமேலியா எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியை, 1873இல் பிரான்சில் விடாது பெய்த மழைக்கு அஞ்சி எகிப்துக்கு வந்து சேர்ந்தவர். நீராவிக் கப்பலை விடுத்துத் தஹபியாவில் ஏறினார். மெல்லச் சென்றதனால் அவர் கண்டது மிகுதி: கல்லறைகள் கொள்ளை போவதையும், ஓவியச் சுவர்கள் பெயர்த்தெடுக்கப்படுவதையும் கண்டார். நாடு திரும்பி 1877இல் தம் பயணத்தை நூலாக வெளியிட்டார். 1882இல் எகிப்தைக் கற்று அகழ்வதற்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். 1892இல் இறக்கும்போது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் எகிப்தியல் பேராசிரியர் பதவிக்குப் பொருள் வைத்துச் சென்றார். அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் பிளிண்டர்ஸ் பெற்றி. அவர் 1893-94இல் தோண்டிய ஊர்களுள் ஒன்று கோப்டோஸ்.

கோப்டோஸ் என்னும் பெயரில் தமிழருக்கு உரிமை உண்டு. சேரநாட்டு முசிறியிலிருந்து புறப்பட்ட மரக்கலங்கள் செங்கடலின் எகிப்தியத் துறைகளான பெரெனிக்கேயையும் மியோஸ் ஹொர்மோஸையும் அடைந்தன. அங்கிருந்து சரக்குகள் ஒட்டகங்களின் மீது பாலைவனத்தைக் கடந்து நைற்கரையிலுள்ள கோப்டோஸை அடையும். பெரெனிக்கேக்கும் கோப்டோஸுக்கும் இடையே பன்னிரண்டு நாள் வழி என்றும், வெப்பத்திற்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடந்தனர் என்றும் பிளினி எழுதினார். கோப்டோஸில் சரக்கு மீண்டும் படகேறி, நைல் வழியே அலெக்சாந்திரியாவைச் சேரும். வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985இல் வெளியிடப்பட்ட ஒரு பாப்பிரஸ் ஏடு இதனை உறுதி செய்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கடன் ஒப்பந்தத்தில் முசிறியின் பெயர் வருகிறது. 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த யானைத்தந்தமும் கங்கைக்கரையின் நறுமணப் பொருளும் மதிப்பிடப்பட்டிருக்கின்றன. ஒட்டகக்காரன் காவலுடன் கோப்டோஸ் பண்டகசாலையில் சேர்ப்பிக்க வேண்டும், பின் நதியில் அனுப்ப வேண்டும், நாலில் ஒரு பங்கு சுங்கம் செலுத்த வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது.

ஏடு மட்டுமன்று. பெரெனிக்கேயின் கோயிலொன்றில் ஏறத்தாழ ஏழரை கிலோ கருமிளகு, இந்தியச் சாடி ஒன்றுக்குள் அப்படியே இருந்தது. மியோஸ் ஹொர்மோஸ் எனக் கருதப்படும் குசெயிர் அல்-கதீமில், கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அயலூரில் பாத்திரத்தின் மீது பெயர் வெட்டிக்கொள்ளும் பழக்கத்தை நாமும் விடவில்லை. கோப்டோஸில் பெற்றி கண்டெடுத்த கல்வெட்டு, கி.பி. 90ஆம் ஆண்டின் சுங்கப் பட்டியல். மாலுமிக்கு இவ்வளவு, ஒட்டகத்துக்கு இவ்வளவு, பாய்மரத்துக்கு இவ்வளவு என்று கூறுவது. எகிப்தைப் பொறுத்தவரை கடலும் நதியும் ஒரே வழியின் இரு பாதிகளாக இருந்தன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, நைலே சரி என்று பெரியவர் எழுந்துவிட்டார். அவரைச் சற்று நிறுத்தவேண்டியிருந்தது. பிரசுரத்திலுள்ள நைல் அமேலியா எட்வர்ட்ஸ் கண்ட நைலன்று.

அஸ்வானில் 1902இல் முதல் அணை முடிந்தது. இரண்டு முறை அதை உயர்த்தினார்கள். பிலே தீவின் கோயில் ஆண்டில் பெரும்பகுதி நீருக்குள் நின்றது. பின்னர் 1960இல் தொடங்கிய பேரணை 1970இல் முடிவுற்றது. அதன் பின்னே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமான ஏரி பரவிற்று. எகிப்துக்கு மின்சாரமும் பஞ்சமில்லாப் பாசனமும் கிடைத்தன. இதைக் குறைத்துக் கூறுவது நன்றியற்ற செயல். ஆனால் வண்டல் அணைக்குப் பின்னே தங்கிவிட்டது. ஆண்டுதோறும் வந்த வெள்ளம் நின்றுவிட்டது. கொம் ஓம்போ கோயிலில் வெள்ளத்தை அளந்த கிணறு இன்று பிரயாணிகள் எட்டிப் பார்க்கும் குழியாக மட்டும் இருக்கிறது.

நீரில் மூழ்கவிருந்த கோயில்களைக் காக்கும்படி 1960இல் யுனெஸ்கோ உலகை வேண்டிற்று. நம் நாடும் உதவியது. பி. பி. லால் தலைமையில் இந்தியத் தொல்பொருள் துறையினர் 1961-62இல் நூபியாவின் ஆபியே என்னும் இடத்தில் அகழாய்வு செய்தனர். அவ்விடம் இப்போது ஏரிக்கு அடியில். அபு சிம்பெல்லின் இரு கோயில்களையும் 1964 முதல் 1968 வரை துண்டுதுண்டாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினார்கள். பிலே கோயிலைப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். அப்பணி 1980இல் முடிந்தது. சில கோயில்கள் நன்றிப் பரிசாக மாட்ரிட், நியூயார்க், லெய்டன் நகரங்களுக்குச் சென்றன.

கோயில்கள் உயரே சென்றன. மக்கள் எங்கே சென்றனர்? எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் 1963-64இல் தங்கள் நதிக்கரையை விட்டு, கொம் ஓம்போவுக்கு அருகே கட்டப்பட்ட வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். சூடான் பக்கத்திலும் ஏறத்தாழ அதே தொகையினர் வாடி ஹல்பாவிலிருந்து வெகுதூரம் அனுப்பப்பட்டனர். குடியேறிய இடத்தில் தங்கள் பழைய சிற்றூர்களின் பெயர்களையே அவர்கள் வைத்துக்கொண்டனர். விலாசம் கேட்டால் தில்லித் தெருவைச் சொல்லிவிட்டு, ஊர் எது என்றால் தஞ்சைச் சிற்றூரைச் சொல்லும் நமக்கு இது விளங்கும். நம் ஊருக்கு ரயில் இருக்கிறது. அவர்களுடைய ஊரின் மேல் நீர் நிற்கிறது. பிரசுரத்தில் கொம் ஓம்போவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்; கோயிலில் முதலை வடிவத் தெய்வத்தைக் காண அது போதும். அருகிலுள்ள நூபியரின் ஊர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே, தேர்வில் கவனிக்க வேண்டியவை எவை என்று அவரிடம் கூறினோம். அக்டோபர் முதல் மார்ச் வரை செல்லவேண்டும். கோடையில் அஸ்வான் வெயில் நாக்பூர் வெயிலை நாணச்செய்யும். லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே மூன்று நான்கு இரவு ஓடும் பெரும் கப்பல்களே மிகுதி; கரையில் நாலைந்து கப்பல்கள் அடுத்தடுத்து நிற்க, சன்னலைத் திறந்தால் அடுத்த கப்பலின் சன்னல் தெரிவதும் உண்டு. பழைய தஹபியாக்கள் இப்போது மீண்டும் எஸ்னாவுக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடுகின்றன. சற்றுச் செலவு கூடுதல். பெருங்கப்பல் நில்லாத கரைகளில் அவை நிற்கும். அணைக்கு அப்பால் ஏரியில் அபு சிம்பெல் வரை செல்லும் கப்பல்கள் வேறு. அஸ்வானில் இறங்கி அதில் தனியாக ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கரையேறும் பலகையையும் கோயிற் படிகளையும் பற்றி முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். அம்மையாருக்கு அது உண்டு என்று பெரியவர் தலையசைத்தார்.

நான்கு இரவுக் கப்பலை ஒதுக்கிவிட்டு, தஹபியாவைப் பற்றி எழுதிக் கேட்பதென்று முடிவாயிற்று. கடற்கப்பல் பிரசுரத்தைப் பேரனுக்குப் படம் வெட்டக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்து, நிலப்படத்தில் கோப்டோஸ் எங்கே என்று கேட்டார். இன்று அதன் பெயர் கிஃப்ட். லக்சருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். தென்தேராவுக்குச் செல்லும் படகுகள் அவ்வூரைக் கடந்துதான் செல்கின்றன. ஆயினும் அது அவற்றின் துறைகளுள் ஒன்றன்று. லக்சரிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு அரைநாளில் போய்வரலாம். அங்கே இடிபாடுகளன்றிக் காண்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் கூறினோம். "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி, பென்சிலால் அந்த ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார்.